நோயின் பெயர் கடைசியில் வரட்டும்

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். செவிலியர் படிப்பை முடித்து அவசர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்திருக்கிறேன். ஈசிஜி எடுக்கத் தெரியும், படிக்கத் தெரியாது. மாரடைப்பு என்றால் இப்படி இருக்கும், ஹார்ட் பிளாக் என்றால் அப்படி இருக்கும் என்று படங்களைப் பார்த்து மனப்பாடம் செய்கிறேன். உண்மையான தாள் கைக்கு வந்தால் அது எந்தப் படத்தோடும் ஒத்துப்போவதில்லை. டியூட்டி டாக்டர் 'என்ன இருக்கு?' என்று கேட்டால் வாயடைத்து நிற்கிறேன். மெஷின் மேலே அச்சடித்துத் தருவதை நம்பலாமா? எங்கிருந்து ஆரம்பிப்பது? எனக்கு ஏதாவது தோன்றினாலும் அதை டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

பதில்: வணக்கம். 'எந்தப் படத்தோடும் ஒத்துப்போவதில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சிக்கல் முழுவதும் அந்த ஒரு வரியில் அடங்கியிருக்கிறது. புத்தகத்தில் அச்சாகும் ஈசிஜி பல நூறு தாள்களிலிருந்து பொறுக்கி எடுத்தது. உங்கள் கைக்கு வருவதோ நடுங்கும் கை, வியர்வையில் வழுக்கும் எலெக்ட்ரோடு, பழைய மாரடைப்பு, புதிதாக ஆரம்பித்த மாத்திரை எல்லாம் கலந்த தாள். அது எப்படி ஒத்துப்போகும்?

அதனால் படங்களைக் கொஞ்ச காலத்துக்கு மூடி வையுங்கள். நான் வகுப்பெடுக்கும்போது முதலில் போடும் விதி, நோயின் பெயரை யாரும் வாயில் எடுக்கக் கூடாது என்பதுதான். தாளில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்ல வேண்டும். துடிப்பு நிமிடத்துக்கு 75, சீராக இருக்கிறது, ஒவ்வொரு க்யூஆர்எஸுக்கு முன்னாலும் ஒரு பி அலை இருக்கிறது, க்யூஆர்எஸ் அகலம் இரண்டு சின்னக் கட்டம், எஸ்டி அடிக்கோட்டிலேயே இருக்கிறது (இந்தப் பெயர்களெல்லாம் என்னவென்று கீழே சொல்கிறேன்). இப்படிச் சொல்லப் பழகிவிட்டால் பெயர் பின்னாலேயே வந்துவிடும். வராவிட்டாலும் பாதகமில்லை. கேட்கிற டாக்டருக்கு வேண்டிய விஷயத்தில் பெரும்பகுதி அதற்குள் போய்ச் சேர்ந்திருக்கும்.

தாளை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இல்லாத ஒரு வசதி உங்களுக்கு இருக்கிறது. எலெக்ட்ரோடு ஒட்டுவது நீங்கள்தான். ஈசிஜியில் தெரியும் கோளாறுகளில் சில இதயத்தில் பிறந்தவையே இல்லை, எலெக்ட்ரோடு ஒட்டிய இடத்தில் பிறந்தவை. எனவே படிப்பதை அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

நெஞ்சில் ஒட்டும் ஆறு எலெக்ட்ரோடுகளுக்கு வி1 முதல் வி6 வரை பெயர். வி1, வி2 இரண்டும் நான்காவது விலா இடைவெளியில், நெஞ்செலும்பின் வலது ஓரத்திலும் இடது ஓரத்திலும் இருக்க வேண்டும். இது பாடத்தில் படித்ததுதான். ஆனால் கண்ணளவில் போடும்போது இவை ஒன்றிரண்டு இடைவெளி மேலே ஏறிவிடுவது மிகச் சாதாரணம். கண்ணை நம்பாதீர்கள், விரலை நம்புங்கள். தொண்டைக்குழியில் விரலை வைத்து நெஞ்செலும்பின் மேலேயே மெதுவாகக் கீழே இறக்குங்கள். சில சென்டிமீட்டரில் குறுக்குவாட்டில் ஒரு மேடு தட்டும். அந்த மேட்டிலிருந்து பக்கவாட்டில் நகர்ந்தால் விரல் நிற்பது இரண்டாவது விலா எலும்பில். அதற்குக் கீழே அமுங்குகிற பள்ளம் இரண்டாவது இடைவெளி. அப்புறம் ஒரு எலும்பு, ஒரு பள்ளம். இன்னொரு எலும்பு, இன்னொரு பள்ளம். அந்தக் கடைசிப் பள்ளம்தான் உங்களுக்கு வேண்டிய இடம்.

அடுத்து வி3-ஐப் போடாதீர்கள், வி4-ஐப் போடுங்கள். ஐந்தாவது இடைவெளி, காறை எலும்பின் நடுவிலிருந்து கீழே இறங்கும் கோடு. வி2-க்கும் வி4-க்கும் நடுவில் வி3. வி5, வி6 இரண்டும் வி4 இருக்கும் அதே கிடைமட்டத்தில் பக்கவாட்டில் போக வேண்டும். வி5 அக்குளின் முன்மடிப்புக்கு நேராக, வி6 அக்குளின் நடுவுக்கு நேராக. விலா எலும்பு பக்கவாட்டில் வளைந்து மேலேறும். அதைப் பின்தொடர்ந்தால் வி6 தன் இடத்தை விட்டுப் போய்விடும். பெண் நோயாளிகளுக்கு மார்பகத்தை விலக்கி அதன் கீழே வி4-ஐ ஒட்டுங்கள். திரையை இழுத்துவிட்டு, என்ன செய்யப்போகிறோம் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். கூச்சத்தில் உடலை இறுக்கிக்கொண்டு படுத்திருப்பவரின் தசைநடுக்கமும் தாளில் பதிவாகும்.

இவ்வளவு நேரம் இதில் ஏன் நிற்கிறேன் என்றால், வி1, வி2 மேலே ஏறினால் அங்கே ஆர் அலை சிறுத்துப் போகும். முன்சுவரில் பழைய மாரடைப்பு இருந்தது போலவே தெரியும். சில சமயம் ஆர் அலை இரண்டாகப் பிளந்து, வலதுபக்கக் கடத்தல் கோளாறு போல ஏமாற்றும். இல்லாத நோய்க்கு ஒருவர் வருடக்கணக்கில் பயந்துகொண்டிருக்க அது போதும். வி2-விலும் பி அலை தலைகீழாகத் தெரிந்தால், எலெக்ட்ரோடு மேலே ஏறியிருக்கிறதா என்று முதலில் தொட்டுப் பாருங்கள்.

கை கால் வயர்கள் விஷயத்தில் இவ்வளவு நுணுக்கம் வேண்டாம், ஆனால் மாற்றிப் போடக் கூடாது. நெதர்லாந்தின் லைடன் நகரில் வில்லெம் ஐந்தோவன் 1900-களின் தொடக்கத்தில் தன் கருவியை அமைத்தபோது ஒட்டும் எலெக்ட்ரோடு கிடையாது. நோயாளி இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்ப் பாத்திரங்களில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கையும் காலும் வெறும் மின்கம்பியாக வேலை செய்ததால் அது போதுமானதாக இருந்தது. இன்றைக்கும் அதே கதைதான். மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தால் கொஞ்சம் மேலே ஒட்டலாம். தோளுக்கும் இடுப்புக்கும் கொண்டுபோனால் மட்டும் வடிவம் மாறும். வேறு வழியில்லாமல் அப்படிப் போட்டால் தாளில் எழுதி வையுங்கள். ஐந்தோவன் அலைகளுக்கு வைத்த பி, க்யூ, ஆர், எஸ், டி என்ற பெயர்களையும், லீட்களுக்கு (இதயத்தை ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் பார்க்கும் பதிவுகளுக்கு) வைத்த 1, 2, 3 என்ற எண்களையும்தான் நாம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இந்த வேலைக்காக 1924-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வலது கை, இடது கை வயர் மாறிப்போனால் லீட் 1 முழுவதும் குப்புற விழும். பி, க்யூஆர்எஸ், டி மூன்றும் கீழ்நோக்கி இருக்கும். ஏவிஆர் என்ற லீட் வழக்கத்துக்கு மாறாக நிமிர்ந்து நிற்கும். இதயம் வலதுபக்கம் அமைந்தவர்களுக்கும் லீட் 1 இப்படித்தான் இருக்கும். ஆனால் அவர்களுக்கு வி1-இலிருந்து வி6 வரை ஆர் அலை சிறுத்துக்கொண்டே போகும். வயர் மாறியவருக்கு நெஞ்சு லீட்கள் ஒழுங்காக இருக்கும். லீட் 2 மட்டும் கிட்டத்தட்ட நேர்கோடாக வந்தால் வலது கை, வலது கால் வயர்களைப் பாருங்கள். தாளை டாக்டரிடம் கொடுப்பதற்கு முன் லீட் 1-ஐயும் ஏவிஆரையும் ஒரு நொடி பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

சரி, தாளுக்கு வருவோம். தாள் விநாடிக்கு 25 மி.மீ. வேகத்தில் ஓடுகிறது. ஒரு சின்னக் கட்டம் 1 மி.மீ., அதாவது 0.04 விநாடி. ஐந்து சின்னக் கட்டம் சேர்ந்த பெரிய கட்டம் 0.2 விநாடி. ஐந்து பெரிய கட்டம் ஒரு விநாடி. மேல் கீழாகப் பார்த்தால் 10 மி.மீ. என்பது 1 மில்லிவோல்ட். தாளின் ஓரத்தில் செவ்வகமாக ஒரு குறி இருக்கும், அது இரண்டு பெரிய கட்டம் உயரம் இருந்தால் அளவு சரி. யாராவது பாதியாகக் குறைத்து வைத்திருந்தால் எல்லா அலையும் குள்ளமாகிவிடும். வேகத்தை 50-க்கு மாற்றி வைத்திருந்தால் எல்லாம் இழுபட்டு, துடிப்பு பாதியாகக் குறைந்தது போல இருக்கும். அலையைப் பார்க்கும் முன் இந்த இரண்டையும் பாருங்கள்.

அலை எப்படி உருவாகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வலது மேலறையில் உள்ள சைனஸ் முனையில் மின்தூண்டல் கிளம்பி இரண்டு மேலறைகளிலும் பரவும்போது பி அலை வருகிறது. அப்புறம் மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் நடுவில் உள்ள ஏவி முனையில் அது தாமதப்படும். கீழறைகள் ரத்தத்தை வாங்கி நிரம்ப இந்தத் தாமதம்தான் இடம் கொடுக்கிறது. பி ஆரம்பத்திலிருந்து க்யூஆர்எஸ் ஆரம்பம் வரையிலான பிஆர் இடைவெளியில் அதை அளக்கிறோம். மூன்று முதல் ஐந்து சின்னக் கட்டம் இயல்பு. பிறகு தூண்டல் ஹிஸ் கற்றை வழியாக இரண்டு கீழறைகளுக்கும் வேகமாகப் பாய்வது க்யூஆர்எஸ். இது மூன்று சின்னக் கட்டத்துக்குள் முடிந்துவிட வேண்டும். கீழறைகள் பழைய நிலைக்குத் திரும்புவது டி அலை. க்யூஆர்எஸ் முடிந்து டி தொடங்கும் வரையிலான எஸ்டி பகுதிதான் மாரடைப்பில் எல்லாரும் தேடுகிற இடம்.

பத்து வயர் போட்டுப் பன்னிரண்டு லீட் எப்படி வருகிறது என்று பல மாணவர்கள் கடைசி வரை குழம்புகிறார்கள். வலது கால் வயர் சமன் செய்வதற்கு மட்டும்தான். மீதி மூன்று கை கால் வயர்களிலிருந்து மெஷின் கணக்குப் போட்டு ஆறு லீட் எடுக்கிறது, நெஞ்சில் ஆறு. ஒவ்வொரு லீடும் இதயத்தை ஒரு பக்கத்திலிருந்து பார்க்கிறது. ஒருவர் உங்களை நோக்கி நடந்து வந்தால் முகம் தெரியும், விலகிப் போனால் முதுகு தெரியும், குறுக்கே போனால் பக்கவாட்டு முகம் தெரியும். மின்தூண்டலும் அப்படித்தான். லீடை நோக்கி வந்தால் அலை மேலே எழும், விலகிப் போனால் கீழே இறங்கும், குறுக்கே போனால் மேலும் கீழுமாகச் சம அளவில் இருக்கும். தூண்டல் பொதுவாக வலது மேலிருந்து இடது கீழாகப் போகிறது. லீட் 2 அந்தத் திசையில் நிற்கிறது, அதனால் அங்கே எல்லாம் நிமிர்ந்திருக்கும். ஏவிஆர் நேரெதிரே நிற்கிறது, அதனால் அங்கே எல்லாம் கீழே தொங்கும். இது புரிந்துவிட்டால் ஏவிஆரில் டி அலை தலைகீழாக இருப்பதைப் பார்த்துப் பதற மாட்டீர்கள். வி1-இலும் லீட் 3-இலும் கூடத் தனியாக அப்படி இருப்பது பல ஆரோக்கியமானவர்களிடம் காண்பதுதான்.

கை கால் லீட்களை வைத்து இதயத்தின் மின் அச்சையும் சொல்லலாம். இப்போதைக்கு லீட் 1, லீட் 2 இரண்டிலும் க்யூஆர்எஸ் நிமிர்ந்திருந்தால் அச்சு இயல்பு என்று வைத்துக்கொண்டு நகருங்கள். டிகிரி கணக்கெல்லாம் பிறகு வரும்.

இனிப் படிக்கும் வரிசை. முதலில் நோயாளியின் பெயர், தேதி, நேரம். அப்புறம் துடிப்பின் வேகம், ஒழுங்கு, பி அலை, பிஆர், க்யூஆர்எஸ் அகலம், கடைசியில்தான் எஸ்டியும் டியும். எல்லாருக்கும் முதலில் எஸ்டியைப் பார்க்கத்தான் கை பரபரக்கும். ஆனால் க்யூஆர்எஸ் அகலமாக இருக்கும் தாளில் எஸ்டியும் டியும் அதற்கு எதிர்த்திசையில் இழுபட்டிருப்பது வழக்கம். அகலத்தைப் பார்க்காமல் எஸ்டிக்குத் தாவினால் இல்லாத மாரடைப்பைக் கண்டுபிடிப்பீர்கள். நெஞ்சுவலியோடு வந்தவருக்கு அகலமான க்யூஆர்எஸ் இருந்தால் அதையும் சாதாரணமாக விட்டுவிடக் கூடாது. உடனே டாக்டரிடம் காட்டுங்கள், அந்தத் தாளைப் படிப்பது மூத்தவர்களுக்கே சிரமம்.

வேகம் கண்டுபிடிக்க, அடர்ந்த கோட்டின் மேல் விழும் ஒரு ஆர் அலையைத் தேடுங்கள். அடுத்த ஆர் ஒரு பெரிய கட்டம் தள்ளி இருந்தால் 300, இரண்டு என்றால் 150, பிறகு 100, 75, 60, 50. இந்த ஆறு எண்களை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள், நான் மனப்பாடம் செய்யச் சொல்வதே இதைத்தான். துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. வழக்கமான தாளின் அடியில் ஓடும் நீண்ட கோடு 10 விநாடி. அதில் உள்ள க்யூஆர்எஸ்களை எண்ணி ஆறால் பெருக்குங்கள்.

ஒழுங்கைக் கண்ணால் முடிவு செய்யாதீர்கள். ஒரு வெள்ளைத் தாளின் ஓரத்தை அந்த நீண்ட கோட்டின் மேல் வைத்து, அடுத்தடுத்த மூன்று ஆர் அலைகளின் உச்சியில் பென்சிலால் புள்ளி வையுங்கள். தாளை அப்படியே வலதுபக்கம் நகர்த்துங்கள். புள்ளிகள் அடுத்த ஆர் அலைகளின் மேல் சரியாக உட்கார்ந்தால் ஒழுங்கு. மூச்சை இழுக்கும்போது கொஞ்சம் நெருங்கி, விடும்போது கொஞ்சம் விலகினால் அது இளம் வயதினரிடம் இயல்பு. எங்கே நகர்த்தினாலும் எந்த இரண்டு இடைவெளியும் ஒத்துப்போகவில்லை, பி அலையும் இல்லை, அடிக்கோடு மட்டும் நெளிந்துகொண்டிருக்கிறது என்றால், நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது மேலறைகள் ஒழுங்கில்லாமல் படபடக்கும் நிலை. பெயரைத் தேடிப் போகவில்லை பாருங்கள், பென்சில் புள்ளி அங்கே கொண்டுபோய் விட்டது.

இப்போது அதே வேலையைப் பி அலைகளுக்குச் செய்யுங்கள். கற்றுக்கொள்கிற எல்லாரும் அவசரத்தில் தாண்டிப் போகும் இடம் இது. துடிப்பு 38 என்று ஒரு தாள் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பி அலைகளின் மேல் புள்ளி வைத்து நகர்த்துகிறீர்கள். பி அலைகள் தங்களுக்குள் மிக ஒழுங்காக, நிமிடத்துக்கு 80 என்ற கணக்கில் போகின்றன. சில பி க்யூஆர்எஸுக்குள் ஒளிந்திருக்கும், சில டி அலையின் தோளில் சின்னப் புடைப்பாக உட்கார்ந்திருக்கும். புள்ளி சொல்லும் இடத்தில் கூர்ந்து பார்த்தால் கிடைத்துவிடும். க்யூஆர்எஸ்களும் தங்களுக்குள் ஒழுங்குதான், ஆனால் 38. இரண்டுக்கும் நடுவில் எந்த உறவும் இல்லை, பிஆர் ஒவ்வொரு முறையும் ஒரு அளவு. மேலறையின் தூண்டல் எதுவும் கீழே போய்ச் சேரவில்லை. இதுதான் முழு ஹார்ட் பிளாக். பிஆர் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு ஒரு பி மட்டும் க்யூஆர்எஸ் இல்லாமல் விட்டுப்போய், மறுபடி குறைந்த அளவிலிருந்து ஆரம்பித்தால் அது வென்கெபாக் வகை, பெரும்பாலும் அவசரமில்லாதது. பிஆர் மாறாமலே இருந்து திடீரென்று ஒரு க்யூஆர்எஸ் விட்டுப்போனால் அது ஆபத்தான வகை, எந்த நேரமும் முழு பிளாக்காக மாறலாம். மூன்றையும் படமாக மனப்பாடம் செய்தவர்கள் குழப்பிக்கொள்வார்கள். பிஆரை அளந்தவர்களுக்குக் குழப்பம் வராது.

எஸ்டிக்கு வருவோம். க்யூஆர்எஸ் முடிந்து கோடு திரும்பும் முனைக்கு ஜே புள்ளி என்று பெயர். அந்தப் புள்ளி அடிக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. மேலே அல்லது கீழே இருக்கிறது என்று அளக்க வேண்டும். அடிக்கோட்டுக்கு க்யூஆர்எஸ் தொடங்கும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பகுதியைப் பார்க்கும் இரண்டு லீட்களிலாவது 1 மி.மீ. ஏறியிருந்தால் அது கவனிக்க வேண்டிய ஏற்றம். வி2, வி3-இல் மட்டும் இளம் ஆண்களுக்கு இயல்பாகவே கொஞ்சம் ஏறியிருக்கும் என்பதால் அங்கே வரம்பு அதிகம்: 40 வயதைத் தாண்டிய ஆண்களுக்கு 2 மி.மீ., அதற்குக் குறைந்த வயது ஆண்களுக்கு 2.5, பெண்களுக்கு 1.5.

எந்த லீட்கள் எந்தப் பகுதி என்பது நாள்பட்டால் கைவந்துவிடும். லீட் 2, 3, ஏவிஎஃப் மூன்றும் இதயத்தின் கீழ்ச்சுவர். வி1 முதல் வி4 வரை முன்சுவரும் நடுச்சுவரும். லீட் 1, ஏவிஎல், வி5, வி6 பக்கச்சுவர். ஒரு பக்கம் ஏறியிருந்தால் எதிர்ப்பக்கம் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கீழ்ச்சுவர் மாரடைப்பில் ஏவிஎல் சீக்கிரமே இறங்கிக் காட்டிக்கொடுக்கும். லீட் 3-இல் ஏற்றம் இருக்கிறதா இல்லையா என்று நீங்கள் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஏவிஎல் தெளிவாகக் குழி விழுந்திருக்கும். கீழ்ச்சுவர் மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால் வி4 எலெக்ட்ரோடை வலதுபக்க நெஞ்சில் அதே இடத்தில் ஒட்டி இன்னொரு தாள் எடுத்து, அதில் 'வி4ஆர்' என்று பெரிதாக எழுதுங்கள். வலது கீழறையும் பாதிக்கப்பட்டிருந்தால் நைட்ரேட் மருந்தில் ரத்த அழுத்தம் சடாரென்று சரியும், டாக்டர் மருந்து எழுதுவதற்கு முன் அந்தத் தாள் அவர் கையில் இருக்க வேண்டும். வி1 முதல் வி3 வரை ஏற்றம் இல்லாமல் இறக்கம் மட்டும் இருந்தால் அது பின்சுவர் மாரடைப்பின் எதிரொலியாகவும் இருக்கலாம். அப்போது முதுகுப்பக்கம் வி7, வி8, வி9 எடுப்பார்கள்.

நெஞ்சுவலியோடு ஒருவர் உள்ளே வந்தால் 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்து, படிக்கத் தெரிந்தவர் கண்ணில் பட்டுவிட வேண்டும். அதைவிட முக்கியமாக நீங்கள் மனதில் பதிக்க வேண்டியது, முதல் ஈசிஜி இயல்பாக இருப்பதால் மாரடைப்பு இல்லை என்று ஆகிவிடாது. வலி தொடர்ந்தால் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி எடுக்க வேண்டும். எலெக்ட்ரோடுகளைக் கழற்றாமல் விட்டுவைத்தால் இரண்டு தாளையும் நேர்மையாக ஒப்பிடலாம். பழைய ஈசிஜி இருக்கிறதா என்று உறவினர்களிடம் கேளுங்கள். பையில் மடித்து வைத்த பழைய தாள் ஒன்று பல சந்தேகங்களைத் தீர்த்துவிடும்.

மெஷின் அச்சடிப்பதை நம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். அளவுகளுக்கு அது நல்ல துணை. க்யூடி இடைவெளியை (க்யூஆர்எஸ் ஆரம்பத்திலிருந்து டி முடியும் வரை) துடிப்பு வேகத்துக்கு ஏற்பத் திருத்திக் கணக்கிட உங்களுக்கும் எனக்கும் ஆகும் நேரத்தை அது மிச்சப்படுத்தும். ஆனால் ஒழுங்கைச் சொல்வதில் தடுமாறும். நடுக்கத்தை ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று சொல்லும். உயர்ந்து நிற்கும் டி அலையையும் ஒரு துடிப்பாக எண்ணி வேகத்தை இரட்டிப்பாக்கிவிடும். 'இயல்பு' என்று அது அச்சடித்த தாளிலும் மாரடைப்பின் ஆரம்பம் இருந்திருக்கிறது. அந்த வரிகளை விரலால் மறைத்துக்கொண்டு நீங்கள் முதலில் படியுங்கள், பிறகு விரலை எடுத்து ஒப்பிடுங்கள். இரண்டும் வேறுபட்டால் டாக்டரைக் கேளுங்கள்.

மானிட்டருக்கும் இதே எச்சரிக்கை. பல் துலக்கிக்கொண்டிருப்பவரின் மானிட்டரில் ஓடும் கோடு, கீழறையில் கிளம்பும் உயிருக்கு ஆபத்தான வேகத்துடிப்பான வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா போலவே இருக்கும். எலெக்ட்ரோடு கழன்றால் இதயம் நின்றது போல நேர்கோடு ஓடும். அலாரம் கேட்டதும் முதலில் பார்க்க வேண்டியது நோயாளியை. பேசுகிறாரா, நாடி இருக்கிறதா? பல்ஸ் ஆக்ஸிமீட்டர் அலை நிதானமாக ஓடிக்கொண்டிருந்தால் மானிட்டரின் கோடு பொய் சொல்ல வாய்ப்பு அதிகம். மறுபக்கம், அகலமான க்யூஆர்எஸோடு வேகமான துடிப்பு உண்மையிலேயே ஓடினால், வேறு என்று உறுதியாகும் வரை அதை வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியாவாகவே நடத்த வேண்டும். நோயாளி உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார் என்பது அதை இல்லையென்று ஆக்காது. நாடி இல்லையென்றால் தாளுக்கு வேலையே இல்லை, உதவிக்குக் கூப்பிட்டுவிட்டு நெஞ்சை அழுத்த ஆரம்பியுங்கள்.

சிறுநீரகம் பழுதானவர்களின் தாளில் இன்னொன்றைக் கவனியுங்கள். டி அலை ஒடுங்கி, கூராக, உயரமாக நின்றால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருக்கலாம். அது மேலும் ஏறினால் பி தட்டையாகி மறையும், க்யூஆர்எஸ் அகலமாகிக்கொண்டே போகும். டயாலிசிஸ் தவறவிட்ட ஒருவர் 'உடம்பு அசதியா இருக்கு' என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்து இந்தத் தாளைக் கொடுத்தால், ரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும் என்று உட்கார்ந்திருக்க முடியாது.

பயிற்சிக்குப் புதிதாக எதையும் தேட வேண்டாம், நீங்கள் எடுக்கும் ஈசிஜிகளே போதும். ஒவ்வொன்றையும் டாக்டர் பார்ப்பதற்கு முன் நான் சொன்ன வரிசையில் உங்கள் நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள். பெயர், அடையாளம் எதையும் குறிக்க வேண்டாம். டாக்டர் என்ன சொன்னார் என்பதைக் கீழே எழுதுங்கள். அவசரமான தாளென்றால் நோட்டு அப்புறம், தாள் முதலில் டாக்டரிடம் போகட்டும். இயல்பான தாள்களைச் சலிப்பென்று தள்ளாதீர்கள். இயல்பு என்பதில் எத்தனை வகை இருக்கிறது என்று கண்ணுக்குப் பழகிய பிறகுதான் இயல்பில்லாதது உறுத்தும். எனக்குத் தெரிந்து நன்றாக ஈசிஜி படிக்கும் செவிலியர்கள் எல்லாருமே இயல்பான தாள்களைக் கட்டுக்கட்டாகப் பார்த்தவர்கள்தான்.

கடைசியாக, டாக்டரிடம் எப்படிச் சொல்வது? 'டாக்டர், ஈசிஜி ஒரு மாதிரியா இருக்கு, கொஞ்சம் வந்து பாக்குறீங்களா?' என்று சொன்னால் மறுமுனையில் இருப்பவருக்கு எழுந்து ஓடுவதா, கையிலிருக்கும் வேலையை முடித்துவிட்டு வருவதா என்று தெரியாது. நோயாளியில் ஆரம்பித்துத் தாளுக்கு வந்து, என்ன வேண்டும் என்பதில் முடியுங்கள்: 'டாக்டர், 58 வயசு ஆண், நாற்பது நிமிஷமா நெஞ்சுவலி, வியர்த்திருக்கு, பிபி 100/60. ஈசிஜியில் சைனஸ் ரிதம், வேகம் 54. லீட் 2, 3, ஏவிஎஃபில் எஸ்டி ரெண்டு மி.மீ. ஏறியிருக்கு, ஏவிஎல்லில் இறங்கியிருக்கு. வி4ஆர் எடுத்துக்கிட்டிருக்கேன். உடனே வாங்க.' இப்படிச் சொல்ல எந்தத் தயக்கமும் வேண்டாம். நீங்கள் அளந்ததை அளந்தபடி சொல்கிறீர்கள், அதிகப்பிரசங்கித்தனம் என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

ஒருவேளை அவர் வரத் தாமதமானால் காத்திருக்காமல் அடுத்த மூத்த டாக்டரைக் கூப்பிடுங்கள். அதற்கிடையில் இதயத்துக்கு மின்அதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டரைப் படுக்கையருகே கொண்டுவந்து வையுங்கள், நரம்பில் ஊசிக்குழாய் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், 15 நிமிடத்தில் அடுத்த ஈசிஜியை எடுங்கள். இரண்டு தாளிலும் எடுத்த நேரத்தையும், அந்த நேரத்தில் வலி இருந்ததா இல்லையா என்பதையும் கையால் எழுதிவிடுங்கள்.